இன்னும் ஒருவருக்குப் புரியவில்லை

“புரியுதான்னு கேட்டா, புரியாதவங்களும் ஏன் ஆமான்னு தலையாட்டறாங்க?”

பால்கனிக் கொடியில் ஈரச் சட்டைகளை வரிசையாக மாட்டிக்கொண்டே அக்கா கேட்டாள். தங்கைக்கு அப்போது பதில் சொல்லத் தெரியவில்லை. பன்னிரண்டு வருடம் தலையாட்டிவிட்டு அந்த மாதம்தான் அவள் பள்ளியை விட்டு வெளியே வந்திருந்தாள். ஏன் ஆட்டினோம் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

அக்கா இன்னும் ஆசிரியை ஆகவில்லை. பயிற்சிக் கல்லூரியில் கடைசி வருடம். வீட்டில் மட்டும் இப்போதே பெயர் ‘மிஸ்’. துணி உலர்த்தும் நேரம்தான் அவள் பாடம் நடத்திப் பழகும் நேரம். கொடிதான் வகுப்பு. “நீலச் சட்டை, அங்க என்ன பேச்சு?” என்பாள். காற்றில் சட்டைக் கைகள் எழும்பினால், “ஒவ்வொருத்தரா சொல்லுங்க” என்பாள். எதிர் பால்கனியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் தையல்காரர் முதலில் கொஞ்சம் பயந்துதான் போனார். இப்போது பழகிவிட்டது. “இன்னைக்குப் பசங்க கம்மியா இருக்காங்களே மிஸ், மழையா?” என்று கேட்கும் அளவுக்குத் தேறிவிட்டார்.

அவளுக்கு இன்னொரு பழக்கம் உண்டு. புதுச் சாதனம் எது கைக்கு வந்தாலும், அது என்னவெல்லாம் செய்யும் என்று பார்க்க மாட்டாள். எப்படி அணைப்பது என்றுதான் முதலில் பார்ப்பாள். “நிறுத்தத் தெரியாத எதையும் வகுப்புக்குள்ள கொண்டு போகக் கூடாது” என்பாள். இதை அவள் அப்பாவிடமிருந்துதான் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். அப்பா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும்.

போன வருடம் கற்பித்தல் தேர்வில் அவள் தோற்றுப்போனாள். ஒரு பள்ளிக்குப் போய், தேர்வாளர் பின் வரிசையில் உட்கார்ந்து பார்க்க, நாற்பது நிமிடம் நிஜப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த வேண்டும். அவள் நடத்தினாள். ஒவ்வொரு கட்டத்திலும் “புரியுதா?” என்று கேட்டாள். வகுப்பே ஒரே குரலில் “புரியுது மிஸ்” என்றது. கடைசியில் தேர்வாளர் எழுந்து நான்கு பிள்ளைகளிடம் நான்கு எளிய கேள்விகள் கேட்டார். நான்கு பேரும் ஜன்னலைப் பார்த்தார்கள். தாளில் அவர் ஒரே வரிதான் எழுதியிருந்தார்: ‘வகுப்பு எங்கே நிற்கிறது என்று தெரியாமல் நடத்துகிறார்.’

இந்த வருடம் இரண்டாவது வாய்ப்பு. இதிலும் தவறினால் படிப்பை விட்டு வெளியேற வேண்டியதுதான். மூன்றாவது வாய்ப்பு என்று ஒன்று கிடையாது.

அப்பாவுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. தெரிந்ததைச் சொன்னார். “ஓட்டத் தெரியாதவன் தெரியும்னு சொன்னா, எனக்கு அடுத்த வளைவுலயே தெரிஞ்சுடும். உனக்கு அந்த வளைவு எங்க இருக்குன்னு பாரும்மா.”

இந்த முறை தேர்வில் ஒரு புது விதி வேறு. தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தி ஏதாவது ஒரு புதுமை செய்து காட்ட வேண்டும். கூடப் படிப்பவர்கள் அமர்க்களப்படுத்தினார்கள். ஒருத்தியின் திரையில் கிரகங்கள் சுற்றின. இன்னொருவனின் திரையில் இதயம் துடித்தது, சத்தத்தோடு. அக்கா எல்லாவற்றையும் போய்ப் பார்த்தாள், நன்றாக இருக்கிறது என்று மனதாரச் சொன்னாள், வீட்டுக்கு வந்து முணுமுணுத்தாள். “பிள்ளைங்க வாயைப் பிளந்து பார்க்கறாங்க, சரி. பார்த்ததுல எவ்வளவு உள்ள போச்சுன்னு அந்தத் திரை சொல்லுமா?”

இரண்டு நாள் கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தங்கைக்குத் திடீரென்று பதில் கிடைத்தது.

“நான் மட்டும் புரியலைன்னு சொன்னா, மொத்த வகுப்பும் திரும்பிப் பார்க்கும்கா. அதுக்கு ஆமான்னே சொல்லிட்டுப் போயிடலாம்.”

அக்கா கையைக் கழுவக்கூட இல்லை. அப்படியே போய்ப் பெட்டியிலிருந்து நோட்டை எடுத்தாள்.

அவள் செய்தது மிகச் சின்ன விஷயம். தேர்வு நடக்கும் பள்ளியில் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு டேப், அதாவது சிலேட்டு அளவுத் தொடுதிரை, உண்டு. அவள் செய்த செயலியைத் திறந்தால் அதில் ஒரே ஒரு பொத்தான் தெரியும்: ‘புரியவில்லை’. தொட்டால் சிவக்கும். புரிந்த பிறகு மறுபடி தொட்டால் அணையும். முன்னால் இருக்கும் பெரிய திரையில் எத்தனை பேருக்குப் புரியவில்லை என்ற எண் மட்டும் வரும். பெயர் வராது. யார் என்று அவளுக்கும் தெரியாது. வீட்டில் மூன்று போனில் போட்டுச் சோதித்தபோது, பாடம் தொடங்கும் முன்பே எண் ஒன்று என்று காட்டியது. “அப்பா, நான் இன்னும் வாயே திறக்கலை.” “அதான் புரியலை” என்றார் அப்பா.

தேர்வு நாளன்று வந்தது போன வருடத் தேர்வாளரேதான். மடிப்புக் கலையாத சட்டை. பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டும் விரல்கள். முப்பத்துநான்கு பிள்ளைகளுக்கும் கொடுத்தது போக மீதி இருந்த ஒரு டேப்பை அக்கா அவரிடமும் கொடுத்தாள். மரியாதைக்காகத்தான்.

பாடம், பின்னத்தைப் பின்னத்தால் வகுப்பது. “ரெண்டாவது பின்னத்தைத் தலைகீழாப் போட்டுப் பெருக்கணும்” என்று விதியைச் சொல்லி, ஒரு கணக்கைப் போட்டுக் காட்டிவிட்டுத் திரையைப் பார்த்தாள்.

29.

அவ்வளவு பெரிய எழுத்தில் அது தெரியும்படி வைத்தவளும் அவள்தான். தேர்வாளரும் அந்த எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முன் வரிசைச் சிறுமி ஒருத்தி பரிதாபப்பட்டுக் கேட்டாள்: “மிஸ், அது ரிப்பேரா?”

“இல்லம்மா. நல்லாத்தான் வேலை செய்யுது.”

அதைச் சொன்னதும் அவளுக்கே கொஞ்சம் தைரியம் வந்தது. பாடக்குறிப்பை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். ஒரு தாளை எடுத்து நான்காக மடித்தாள். “ஒரு முழுத் தாள்ல கால் எத்தனை?” நாலு. “அரைத் தாள்ல?” ரெண்டு. “அப்ப காலால வகுக்கறதும் நாலால பெருக்கறதும் ஏன் ஒண்ணா இருக்கு? பக்கத்துல இருக்கறவங்ககிட்ட மடிச்சுக் காட்டிச் சொல்லுங்க.” வகுப்பு முழுக்கத் தாள் கசங்கும் சத்தம். எண் பன்னிரண்டானது. பிறகு நான்கு. பிறகு ஒன்று.

ஒன்றிலேயே நின்றுவிட்டது.

பத்து நிமிடம்தான் மீதி. பாடக்குறிப்பில் இன்னும் ஐந்து பயிற்சிக் கணக்குகள் இருந்தன. முடிக்காவிட்டால் மதிப்பெண் போகும். மற்ற எல்லோருக்கும் புரிந்தாயிற்று, மேலே போனால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. அவள் கை பயிற்சிப் பக்கத்தைத் தேடிப் பாதி வழி போய், திரும்பி வந்தது.

“இன்னும் ஒருத்தருக்குப் புரியலை. யாருன்னு நான் கேக்க மாட்டேன். ஆனா எங்க சிக்குதுன்னு யாராவது ஊகிச்சுச் சொல்லுங்களேன்.”

பின் வரிசையில் ஒரு கை உயர்ந்தது. சட்டைக் கை மடிப்புக் கலையாமல் இருந்தது.

“அது நான்தாம்மா” என்றார் தேர்வாளர். மொத்த வகுப்பும் திரும்பிப் பார்த்தது. “கால்னா சரி. முக்காலால வகுக்கும்போது ஏன் திருப்பிப் போடறோம்? இருபத்தாறு வருஷமா திருப்பு, திருப்புன்னுதான் சொல்லிக் கொடுத்திருக்கேன்.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. நான்காக மடித்த தாளோடு போய் அவர் பக்கத்திலேயே, அந்தச் சின்ன பெஞ்சில் உட்கார்ந்தாள்.

“முழுத் தாள் நாலு துண்டு சார். முக்கால்ங்கறது மூணு துண்டு. இந்த மூணை வச்சு நாலை அளந்தா எத்தனை தடவை போகும்?”

அவர் துண்டுகளைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். “ஒரு தடவை… அப்புறம் ஒரு துண்டு மிச்சம்.”

“அந்தத் துண்டு, நம்ம அளவுல எவ்வளவு பங்கு?”

“மூணுல ஒண்ணு. அப்ப மொத்தம்… மூணுல நாலு.” அவர் நிறுத்தினார். நாலில் மூன்று, மூன்றில் நாலாகியிருந்தது. திருப்பியது யாரும் இல்லை, தானாகவே திரும்பியிருந்தது. அவர் டேப்பைத் தொட்டார். திரையில் 0 வந்தது. பிள்ளைகள் தேர்வாளருக்குக் கை தட்டினார்கள்.

பயிற்சிக் கணக்கை முடிக்காததற்கு அவர் மதிப்பெண் குறைத்தார், அதில் தயவு காட்டவில்லை. அப்படியும் தாளின் அடியில் ‘தேர்ச்சி’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். அக்கா அதை மூன்று முறை படித்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டாள். “பாஸா? இரும்மா, இங்க ஒருத்தர் சுவரைப் பார்த்துப் போறார்” என்றார் அப்பா. வண்டி நிற்கும் சத்தம் கேட்டது. பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் வந்தது.

போனை வைத்துவிட்டு அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். தாழ்வாரத்தில் தேர்வாளர் தலைமை ஆசிரியையை நிறுத்தி, மடித்த தாளைக் காட்டி ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். “புரியுது சார், புரியுது” என்று தலைமை ஆசிரியை வேகமாகத் தலையாட்டினார். தேர்வாளர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தாளைப் பிரித்து, முதலிலிருந்து மடிக்கத் தொடங்கினார்.

உங்களுக்கும் அப்படித் தலையாட்டும் யாரையாவது தெரிந்திருக்கும். இந்தக் கதையை அவர்களிடம் சொல்லுங்கள்.