யோகேஸ்வரி போய்ப் பார்த்த முகவரிகள்

போன புதன்கிழமை காலை செனாய் விமான நிலையத்திலிருந்து சிவகாமி அழைத்தாள். "அண்ணா, இப்பதான் இறங்கினேன். அக்கா போயிட்டாங்களாம். நான் பாக்கவே இல்லண்ணா."  அவளைக் கூட்டிவரக் கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பினேன். ஜொகூர் பாருவில் நானும் அவளுடைய அக்கா யோகேஸ்வரியும் சேர்ந்து நடத்திய கடை அது. இணையத்தளம் அமைத்துக் கொடுப்போம். அதற்கான முகவரியையும் பதிவு செய்து தருவோம். நோய் முற்றிய பிறகும், வேலை நாளில் கடை பூட்டிக் கிடக்க அவர் சம்மதித்ததில்லை.

இன்று அவரை நினைத்துக் கூடியிருக்கும் உங்களுக்கு அவருடைய பிடிவாதமும் தெரியும். சிலோன் தமிழ்க் குடும்பம். அப்பா அரசாங்கக் குமாஸ்தா. முத்திரை இல்லாத காகிதத்தை நம்பாத வீடு என்று கேலி செய்வேன். இணைய முகவரியின் கடைசியில் வரும் பின்னொட்டை அவர் 'வால்' என்பார். வணிகத்துக்கு ஒன்று, கல்வி நிலையத்துக்கு ஒன்று, அமைப்புகளுக்கு ஒன்று, தனி ஆளுக்கு ஒன்று. யாருக்கு எதைக் கொடுக்கலாம் என்பதில் எங்களுக்குள் ஓயாத சண்டை. கேட்டவருக்குக் கேட்டதைக் கொடுத்துவிடலாம் என்பது என் கட்சி.

ஒருமுறை, செனாயில் பயிற்சிக் கல்லூரி நடத்துவதாக ஒருவர் வந்தார். கல்வி நிலையங்களுக்கான 'எடு' (edu) என்று முடியும் முகவரி வேண்டும், அனுமதிக் கடிதம் பின்னால் வரும் என்றார். நான் தலையாட்டப் போனேன். யோகேஸ்வரி அன்று மதியமே காரை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தார். டயர் கடைக்கு மேலே பூட்டிய ஓர் அறை; வெளியே பெயர்ப்பலகை மட்டும். முடியாது என்று அந்த ஆளுக்குப் போன் செய்து சொல்லிவிட்டார். எனக்குக் கோபம்.

"நாம என்ன போலீஸா, யோகா? அவரு வேற கடையில வாங்கிக்குவாரு லா."

"வாங்கட்டும். அந்த வாலைப் பாத்துத்தான், மணியம், ஒரு அம்மா பிள்ளைய அனுப்புவாங்க. நம்ம கையால வேணாம்."

கோத்தா திங்கியில் வெள்ளம் வந்த ஆண்டு அந்தப் பிடிவாதத்துக்கே சோதனை வந்தது. செம்பனைத் தோட்டப் பக்கத்திலிருந்து சரோஜா என்ற பெண் கடைக்கு வந்தார். வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தவர்களுக்கு அங்குள்ள பெண்கள் சேர்ந்து சமைத்துக்கொண்டிருந்தார்கள். அரிசியும் பால்மாவும் கேட்டு ஃபேஸ்புக்கில் போட்டால் ஏமாற்று வேலை என்கிறார்களாம். நம் நாட்டு அமைப்புகளுக்கான 'ஆர்க்' (org) முகவரி இருந்தால் நம்புவார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

"சங்கப் பதிவு இருக்காம்மா?" என்று யோகேஸ்வரி கேட்டார்.

"அடுப்பப் பாக்கவே நேரம் பத்தலக்கா. பதிவுக்கு எங்க போறது?"

"பதிவு இல்லாம அது கிடைக்காதும்மா."

சரோஜா எழுந்துகொண்டார். "அப்ப நாங்க யாருமே இல்லையாக்கா?" சண்டைக்குக் கேட்கவில்லை, களைப்பில் கேட்டார்.

 மறுநாள் யோகேஸ்வரி, தண்ணீர் சரியாக வடியாத சாலையில் கோத்தா திங்கிக்குப் போனார். அன்று முழுக்க அந்தப் பெண்களோடு உட்கார்ந்து வெங்காயம் நறுக்கினார். திரும்பி வந்ததும், தனி ஆளுக்கான வாலோடு தன் சொந்தப் பெயரையே பதிவு செய்தார். பக்கத்தின் மேலே அவர் பெயரும் கைப்பேசி எண்ணும். கீழே அந்த அடுப்படிக்கு என்ன வேண்டும், என்ன வந்து சேர்ந்தது என்ற விவரம்.

"யாருக்காவது சந்தேகம்னா என்னையக் கேக்கட்டும்," என்றார். "சங்கத்துக்குத்தான் பதிவு இல்ல. எனக்குப் பேரு இருக்கில்ல?"

கேட்டார்கள். வெள்ளத்திலும் விளம்பரம் தேடுகிறாள் என்று சொந்தக்காரர்களே பேசினார்கள். ஒருவர் போனில் "திருடி" என்று கத்தியது எனக்கே கேட்டது.  யோகேஸ்வரி குரலை உயர்த்தவில்லை. "வந்து பாருங்க சார். நானே கூட்டிட்டுப் போறேன்." அந்த மனிதர் உண்மையாகவே வந்தார். சாயங்காலம்வரை சோறு பரிமாறினார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டார். அடுத்த வாரம் அவருடைய வேன் அரிசி மூட்டைகளோடு போய் நின்றதாகச் சரோஜா சொன்னார்.

பல மாதங்கள் கழித்து அந்தப் பெண்களின் குழு முறையாகப் பதிவானது. அவர்கள் முதலில் கேட்ட முகவரியை யோகேஸ்வரியே அமைத்துக் கொடுத்தார். ஆனால் சரோஜாவின் கேள்வி அவரை விடவில்லை. கோலாலம்பூரில், எங்களைப் போல இணைய முகவரி பதிவு செய்து தரும் முகவர்கள் கூடிய ஒரு கூட்டத்தில் எழுந்து பேசினார். "பதிவு இல்லாதவங்க எல்லாம் பொய்க்காரங்க இல்ல. பதிவு இருக்கிறவங்க எல்லாம் நல்லவங்களும் இல்ல. அந்த முகவரிக்குப் பின்னால பதில் சொல்ல ஒரு ஆளு இருக்காரான்னு பாருங்க. இருந்தா, அவங்களுக்கும் ஒரு வழி விடுங்க." தலைவர் நன்றி சொல்லிவிட்டு அடுத்தவரை அழைத்தார். விதி மாறவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் நான்தான் பொருமிக்கொண்டு வந்தேன். "விடுங்க லா, மணியம்," என்று சொல்லிவிட்டு அவர் தூங்கிப்போனார்.

எல்லா வாலையும் எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும் என்றுதான் நான் இன்றும் நினைக்கிறேன். அந்தச் சண்டையில் அவருக்கு நான் விட்டுக்கொடுக்கவில்லை. அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது வேறு: முடியும், முடியாது என்று சொல்வதற்கு முன்னால் நேரில் போய்ப் பார்க்கும் பழக்கம். லாபிஸில், இறந்தவர் வீட்டுக்குக் கைகொடுக்கும் மரண உதவிக் குழு ஒன்று முகவரி கேட்டிருக்கிறது. பதிவு இல்லையாம். முன்பென்றால் சரி என்றோ, விதி இடம் தராது என்றோ போனிலேயே முடித்திருப்பேன். நாளைக் காலை லாபிஸுக்குக் கிளம்புகிறேன்.