வில்லியனூரிலிருந்து பாகூருக்கு: எட்டு அடியும் ஒரு சைக்கிளும்

பாகூருக்கு நான் பதினோரு முறை போயிருக்கிறேன். ஊர் பார்க்க இல்லை. தபேலாவில் எட்டே எட்டு அடியை ஒரே வேகத்தில் வாசிக்கக் கற்றுக்கொள்ளத்தான். எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்தெட்டு வயது, வில்லியனூர்ப் பக்கம் எங்கள் பங்குக் கோயில் பாடகர் குழுவில் தபேலா நான்தான். வேறு ஆள் கிடைக்காததால் நான்தான் என்று சொல்வது இன்னும் சரி.

எங்கள் ஊர்த் திருவிழாவில் தள்ளுவண்டி ஒன்று முன்னால் போகும். அதில் ஆர்மோனியக்காரர் சவரியும் நானும். பின்னால் மாதா சப்பரம், பன்னிரண்டு பேர் தோளில். தபேலா அடிக்குத்தான் அவர்கள் கால் வைப்பார்கள். சப்பரத்துக்குப் பின்னால்தான் ஜனம். அந்த ஜனத்தில் என் அக்கா லூர்துமேரி. சின்ன வயதில் போலியோ வந்து வலது கால் சூம்பிப்போனவள். மாதாவை விட்டுப் பிரியாமல் கோயில்வரை நடந்து வருவதாக அவளுக்கு ஒரு நேர்ச்சை.

முந்தின வருஷம் கோயில் கண்ணில் பட்டதும் என் கை பறந்துவிட்டது. சப்பரம் ஓடியது. ஆசீர்வாதம் முடிந்து, கூட்டம் கலைந்த பிறகு, அணைந்த மெழுகுவத்தியோடு அக்கா தனியாக வந்து சேர்ந்தாள். திட்டுவாள் என்று நின்றேன். "சாப்ட்டியாடா?" என்று மட்டும் கேட்டாள். அய்யோ, அதற்கு நாலு அறை விட்டிருக்கலாம்.

"நீ ஓடுனா சப்பரம் ஓடுது. சப்பரம் ஓடுனா அக்கா எங்கடா போவும்?" என்றார் சவரி. அவர்தான் பாகூரில் முருகையனைப் பார்க்கச் சொன்னார். முருகையன் என் வயதுக்காரன். வாரம் முழுக்கத் தையல் மிஷின், கல்யாண சீசனில் கச்சேரிக் குழுவில் தபேலா.

ஞாயிறு மத்தியானம் 2.10க்கு பஸ். பதினைந்து கிலோமீட்டர், டிக்கெட் ஒரு ரூபாய் இருபது காசு. மங்கலம், கரிக்கலாம்பாக்கம் வழியாக எல்லா மரத்தடியிலும் நின்று மூன்று மணிக்குப் பாகூர் சேரும். திரும்ப வர 5.30க்குக் கடைசி பஸ். அதை விட்டால் நடராஜா சர்வீஸ்தான்.

முருகையன் ஒன்றைத்தான் சொல்லிக் கொடுத்தான்: கெஹர்வா என்கிற தாளம். தா கெ ந தி, ந க தி ந. எட்டு அடி, திரும்ப முதலிலிருந்து. இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். நாலு வாரம் பார்த்துவிட்டு அவன் கேட்டான்: "இன்னாப்பா நீ, நாலு மணிக்கு நல்லாத்தான் வாசிக்கிற. அஞ்சு ஆச்சுன்னா உன் கை மட்டும் எழுந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போயிடுதே!"

எனக்குச் சுருக்கென்றது. பஸ்ஸோ கோயிலோ, முடியப் போகிறது என்று தெரிந்தால் எனக்குக் கால் தரையில் நிற்காது. வீட்டில் சோறு தின்பதும் அப்படித்தான்.

"அடுத்த வாரம் சைக்கிள்ல வா. வலது கால் மிதிச்சா தா, இடது கால் மிதிச்சா கெ. வாயால சொல்லிக்கினே வா. ஏரிக்கரை தெரிஞ்சதும் மிதியைக் கூட்டுன, வூட்டுக்குள்ள விடமாட்டேன்."

பஸ்ஸில் ஐம்பது நிமிஷம், சைக்கிளில் ஒன்றரை மணி நேரம். ஆற்றைத் தாண்டியதும் எதிர்க்காற்று. தா கெ ந தி என்று முனகிக்கொண்டு போகிறவனைப் பார்த்து, நாற்று நடுகிற பெண்கள் சிரித்தார்கள். பாகூர் ஏரிக்கரை தெரிந்ததும் கால் பரபரக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு அதே மிதி. அப்படி ஏழு ஞாயிறு.

நீங்களும் இந்த வழியில் போவதாக இருந்தால் மத்தியானம் கிளம்பாதீர்கள், வெயில் மண்டையைப் பிளக்கும். காற்றடிக்கிற பம்ப்பைக் கையோடு எடுத்துப் போங்கள். கரிக்கலாம்பாக்கத்தில் இறங்கி ஒரு டீ குடியுங்கள், எங்கள் காலத்தில் முப்பது காசு. முக்கியமாக, அவசரம் இருக்கிற நாளில் போகாதீர்கள்.

திருவிழா வந்தது. ஆறு மணிக்குச் சப்பரம் கிளம்பியது. கடைசித் தெரு திரும்பியதும் விளக்குப் போட்ட கோபுரம் நேர் எதிரே. கை குறுகுறுத்தது. போதாததற்குப் பின்னாலிருந்து சப்பரக்காரர்கள், "தோளு போவுதுப்பா! சீக்கிரம் வாசி!" என்று கத்தினார்கள். நான் சைக்கிளில் இருந்தேன். வலது கால் தா, இடது கால் கெ. அவர்கள் கெட்ட வார்த்தையில் இறங்கியபோதும் ஏரிக்கரை மிதிதான். சவரி ஒருமுறை என்னைப் பார்த்துவிட்டுப் ஆர்மோனியத் துருத்தியை நிதானமாக அமுக்கினார்.

கோயில் வாசலில் சப்பரம் இறங்கியபோது வழக்கத்தைவிட இருபது நிமிஷம் தாமதம். வண்டியிலிருந்து குதித்துத் திரும்பிப் பார்த்தேன். சப்பரத்துக் கட்டையைத் தொட்டுக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து, எரிகிற மெழுகுவத்தியோடு அக்கா நின்றாள்.

"இன்னாடா வாசிக்கிற நீ?" என்றாள் எரிச்சலாக. "ஆமை மாதிரி! நின்னு நின்னு வந்து எனக்கே காலு கடுத்துப்போச்சு."

வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான்.