உப்பில்லாத ஆறு நாள்கள்

என் மனைவி பதினோர் ஆண்டுகளாக நாள்தோறும் உணவுக்குப் பின் விழுங்கும் வெள்ளைக் குளிசையில் இருப்பது ஓர் உலோகம். இலிதியம் என்பது அதன் பெயர். உலோகங்கள் யாவற்றிலும் இலேசானது, கத்தியால் வெட்டலாம், மண்ணெண்ணெயில் மிதக்கும். கைத்தொலைபேசியின் பற்றரியிலும் இருப்பது இதுவே. அகிலம் தோன்றிய முதற் சில நிமிடங்களிலேயே இதில் ஒரு சிறு பங்கு உண்டாகிவிட்டது என்று வாசித்த அன்று, குளிசை அட்டையைக் கையில் ஏந்தியபடி நெடுநேரம் இருந்தேன்.

மனத்தை அளவுமீறி எழுப்பியும் வீழ்த்தியும் ஆட்டும் நோய்க்கான இம்மருந்து வருமுன், சில வாரங்கள் அவர் உறங்கவே மாட்டார். அலுமாரியிலிருந்த சேலைகளைத் தெருவால் போவோருக்கு எடுத்துக் கொடுப்பார். பின்னர் மாதக்கணக்கில் சுவரைப் பார்த்தபடி படுத்திருப்பார். பிள்ளைகளின் குரலும் அவரை எட்டாது. மருந்து தொடங்கிச் சில வாரங்களின் பின் ஒரு காலை, "இஞ்சாருங்கோ, முருங்கை பூத்திட்டுதெல்லே?" என்று கேட்டார். முற்றத்துக்கு ஓடிப்போய் ஒரு பூங்கொத்தை முறித்து வந்து அவர் கையில் வைத்தேன்.

கிரேக்க மொழியில் கல்லைக் குறிக்கும் சொல்லிலிருந்து இலிதியம் என்ற பெயர் பிறந்தது என்று ஒருநாள் அவரிடம் சொன்னேன்.

"அப்ப நான் இவ்வளவு காலமும் கல்லையோ திண்டனான்? சோத்திலை ஒரு கல்லுக் கடிபட்டால் மட்டும் என்னோடை சண்டைக்கு வருவியள்!"

உப்பைக் குறைக்கக் கூடாது, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்று மருத்துவர் தொடக்கத்திலேயே எச்சரித்திருந்தார். கறியில் உப்புக் குறையாமல் பார்த்துக்கொண்ட நான், ஈராண்டுகளுக்கு முன் மனைவி, மருந்து தொடங்கியபின் முதன்முறையாக, கந்தசஷ்டி விரதம் பிடித்தபோது அதைப் பற்றி நினைக்கவேயில்லை. விரதம் விரதம்தானே என்றிருந்துவிட்டேன். மாலையில் மட்டும் பாலும் பழமும். தண்ணீரும் சில மிடறுகளே.

ஐந்தாம் நாள் அவர் கை நடுங்கிப் பால் சிந்தியது. "விரதக் களைப்பு" என்றார். ஆறாம் நாள் வாந்தி. சூரன்போர் பார்க்கப் புறப்பட்டவர் வாசல் படலையடியில் தள்ளாடினார், பேச்சுக் குழறியது. ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டோடினேன்.

இளம் பெண் மருத்துவர் ஒருவர் குளிசை அட்டையைப் பார்த்தார். "அம்மா உப்பை நிப்பாட்டினவவோ, ஐயா?"

"இல்லைப் பிள்ளை. ஆறு நாளும் விரதம். பாலும் பழமும்தான்."

"ஐயோ, அப்ப உப்பு எங்காலை?"

குருதிச் சோதனையில் மருந்து மிகைப்பட்டிருந்தது. சிறுநீரகம் இலிதியத்தை உப்பிலுள்ள சோடியத்தைப் போலவே நடத்துமாம். உப்பு அருகியவுடன், போகவிடாமல் சோடியத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். கூடவே இலிதியமும் தேங்கிவிடும். குணமாக்கும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி அத்தனை சிறிது. பதினோர் ஆண்டுகளில் ஒன்பது ஆண்டுகள் அந்த ஒடுங்கிய வரம்பின்மேல் அவரை வழுவாமல் நடத்தி வந்தது, வெறும் சமையலறை உப்பு!

அவரது நரம்பில் ஏற்றியதும் உப்புத் தண்ணீரே. பழைய அவர் திரும்புவாரா என்று அறியாமல் கட்டிலருகே இருந்தேன். மூன்றாம் நாள் கண் திறந்து, தெளிவாகக் கேட்டார்: "விரதம் முடிக்கிற பாறணைக்கு என்ன சமைச்சனீங்கள்?"

"நீர் வீட்டிலை இல்லாமல் என்ன பாறணை?" என்றேன்.

சென்ற ஆண்டு சஷ்டிக்கு அவர் மூன்று வேளையும் உப்பிட்டு உண்டார். கோயிலுக்கு மட்டும் ஆறு நாளும் வெறுங்காலுடன் நடந்தார். கடைசி நாள் திரும்பி வந்து, உப்பிட்ட மோரைக் குவளையின் விளிம்புவரை நிரப்பி எனக்கும் கொண்டுவந்தார். என் பார்வை அவர் கையிலேயே இருந்தது.

"என்ன பாக்கிறியள்? கல்லு ஒழுங்கா வேலை செய்யுதோ எண்டோ?"

ஒரு துளியும் சிந்தவில்லை.