ஆமைப் பாதைக்குத் திறப்பு விழா

அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று சொந்தக்காரர்களுக்குச் சொல்லிச் சொல்லியே அவள் அம்மாவுக்கு வாய் வலித்துவிட்டது. "ரோடு போடுற எடத்துல வேலை" என்பாள் அம்மா. "அப்ப இன்ஜினியரா?" என்பார்கள். "இல்ல, அவங்க ரோடு போடுவாங்க, இவ போடாதீங்கன்னு சொல்லுவா." அதற்குமேல் யாரும் கேட்பதில்லை.

அம்மா சொன்னதில் பெரிய தப்பு ஒன்றுமில்லை. விலங்கியல் படித்தவள். சாலையோ பாலமோ வரப்போகும் இடத்தில் என்னென்ன உயிர்கள் இருக்கின்றன, எங்கே மேய்கின்றன, எங்கே முட்டையிடுகின்றன என்று பார்த்து எழுதித் தருவதுதான் பிழைப்பு. முடிந்தால் தள்ளிப் போங்கள், முடியாவிட்டால் சேதத்தையாவது குறையுங்கள் என்று வருஷக்கணக்காக ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருக்கிறாள். ஏரிக்கரையை ஒட்டிப் புறவழிச் சாலை வந்தபோதும் அதையே பாடினாள். தள்ளிப் போக மாட்டோம் என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்லிவிட்டார்கள்.

சாலைக்கு இந்தப் பக்கம் ஏரி, அந்தப் பக்கம் மணல் மேடு. வருஷா வருஷம் முதல் மழை ஓய்ந்ததும் ஏரி ஆமைகள் கரையேறி அந்த மேட்டுக்குப் போய், குழி தோண்டி முட்டையிடும். லாரி ஓடும் சாலையை ஆமை தாண்டினால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள விலங்கியல் வேண்டியதில்லை. இரண்டு மழைக்காலம் சேற்றில் நின்று, அவை அதிகம் தாண்டும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே சாலைக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதை கேட்டாள். இருட்டென்றால் ஆமை நுழையாது, ஆகவே மேலே வெளிச்சம் விழக் கம்பிச் சட்டம். சாலையோரம் நெடுகத் தாழ்வான தடுப்பு, ஆமையைப் பாதையின் வாய்க்குத் திருப்பிவிட. ஒவ்வொன்றுக்கும் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. கம்பிச் சட்டத்துக்குச் சண்டை போட்டுத்தான் அவளுக்கு நரைத்தது என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். வேலையாட்கள் வைத்த பெயர் ஆமை அக்கா. முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், அப்புறம் முகத்துக்கு நேராகவே.

ஒருவழியாகப் பாதை முடிந்தது. மழை கொட்டி ஓய்ந்த மறுநாள் திறப்பு விழா. காலையில் ஏரிப் பக்கம் வந்து பார்த்தாள். பாதையின் வாயை அடைத்த மாதிரி ஒரு சாண் உயரத்துக்குப் பளபளவென்று ஓடு பதித்த படி.

"தம்பி, என்னப்பா இது?"

"ஐயா நின்னு ரிப்பன் வெட்டணும்ல மேடம்? சேத்துல எப்படி நிப்பாரு?" சூப்பர்வைசருக்கு முகமெல்லாம் பெருமை. "ஒரே மூச்சுல போட்டு முடிச்சோம். நல்லாருக்கா?"

"ஆமை எப்படி ஏறும்?"

அவன் படியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "சின்னப் படிதானே?"

"உனக்குச் சின்னது. அதோட உசரமே இதுல பாதி இல்லப்பா!"

"விழா முடியட்டும் மேடம், ஒடச்சிடறேன்."

"வயித்துல முட்டையை வச்சுக்கிட்டு அது உன் விழாவுக்குக் காத்துக்கிட்டிருக்குமா?"

காத்துக்கொண்டிருக்கவில்லை. பெரிய அதிகாரி வந்து கத்தரிக்கோலைக் கையில் வாங்கிய நேரம் பார்த்து, தடுப்பை ஒட்டியே ஒரு ஆமை வந்து படியில் முட்டியது. இடப்பக்கம் போனது, வலப்பக்கம் போனது, மறுபடியும் முட்டியது. அதிகாரிக்கு மனசு இளகிவிட்டது. "அடடா, வழி தெரியாம வந்துடுச்சு, பாவம்!" என்று இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு ஏரியைப் பார்த்து நடந்தார். கூட்டம் கை தட்டியது.

"ஐயா! அங்க விடாதீங்க! அங்கருந்துதான் அது வருது!"

கைதட்டல் நின்றது. அதிகாரி ஆமையும் கையுமாகத் திரும்பினார். "அப்ப எங்கம்மா விடறது?"

"எடுத்த எடத்துலயே விடுங்க. அந்தப் படியை ஒடைக்கச் சொல்லுங்க. காலையிலருந்து தொண்டத்தண்ணி வத்தக் கத்தறேன், யாரு காதுலயாவது விழுதா?"

நல்ல மனுஷர்தான், உடைக்கச் சொன்னார். சம்மட்டி விழ விழ ஆமை தலையையும் காலையும் உள்ளே இழுத்துக்கொண்டு கிடந்தது. படி போன பிறகும் அசையவில்லை.

"என்னம்மா, போக மாட்டேங்குதே?" என்றார் அதிகாரி.

இத்தனை பேர் சுற்றி நின்று சம்மட்டி அடித்தால் நீங்கள் போவீர்களா என்று கேட்க நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டாள். "நீங்க எல்லாரும் சாப்பிடப் போங்கய்யா. அது தன்னால போகும்."

கூட்டம் பந்தலுக்குப் போனது. அவள் தள்ளிப்போய்ப் புதருக்குப் பின்னால் உட்கார்ந்தாள். அப்போது பார்த்து வீட்டுக்காரர் போன் பண்ணினார்.

"சாப்பிட்டியா?"

"வைங்க. தலையை நீட்டுது."

"யாரு?"

"ஆமைங்க, ஆமை!" என்று கிசுகிசுப்பிலேயே கத்திவிட்டு வைத்தாள்.

ஆமை கழுத்தை நீட்டியது, நடந்தது, பாதைக்குள் நுழைந்தது. மேலிருந்து விழுந்த வெளிச்சத்தில் அதன் முதுகு தெரிந்து, மறைந்து, மறுபடி தெரிந்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பட்ட பாடெல்லாம் இதற்குத்தானே என்று வாய்விட்டே சொன்னாள். மறுபக்கம் அது வெளியே வருவதைப் பார்க்கச் சாலைமேட்டில் ஓடி ஏறினாள்.

சாலை ஆள் உயரத்துக்கு எழும்பி நின்றதால் கீழிருந்து அந்தப் பக்கம் தெரியாது. மேலே ஏறிப் பார்த்தால் மணல் மேட்டைக் காணோம். ஜல்லி கொட்டி ரோலர் ஓட்டிச் சமதரையாக இறுக்கியிருந்தார்கள். அதன்மேல் வரிசையாகக் கார்கள்.

சூப்பர்வைசர் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தான். "பார்க்கிங் மேடம். மணல்ல வண்டி மாட்டிக்கும்னு நேத்து சாயங்காலம் ஏற்பாடு பண்ணோம். உங்க பாதையைத் தொடவே இல்ல, பாத்தீங்கல்ல?"

ஆமை வெளியே வந்தது. இரண்டு கார்களுக்கு நடுவே போய் நின்று, பின்னங்காலால் தரையைச் சுரண்டியது. ஜல்லியில் நகம் உரசும் சத்தம் மேலே வரைக்கும் கேட்டது. கொஞ்சம் நகர்ந்து மறுபடி சுரண்டியது.

"என்ன மேடம் பண்ணுது?"

"குழி தோண்டுது."

சாப்பிட்டு முடித்த முதல் டிரைவர் பல் குத்திக்கொண்டே வந்து கார் கதவைத் திறந்தார். அவள் சரிவில் இறங்கி ஓடி, அந்தக் காருக்கு முன்னால் ஜல்லியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகையை நிறுத்த முடியவில்லை.

"மேடம், எந்திரிங்க. எல்லாரும் கிளம்பறாங்க" என்று கெஞ்சினான் சூப்பர்வைசர்.

"அது தோண்டி முடிக்கட்டும்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"இந்தத் தரையிலயா?" என்றாள். "நீயே சொல்லு தம்பி."