பேச்சியம்மன் காசு

புளி போட்டுத் தேய்த்த செம்பின் வாடை எங்காவது வந்தால் போதும், இலங்கை மலையில் ஹல்துமுல்லைக்கு மேலே பகலிலும் பனி புகுந்து முகம் மறைக்கும் எங்கள் லயத்துக்குள், அந்தக் கூலி வரிசை வீடுகளுக்குள், போய் உட்கார்ந்துவிடுவேன். தேயிலைக் கன்றுக்குக் குழி வெட்டும்போது அப்பாவின் மண்வெட்டியில் தட்டுப்பட்ட, பச்சைக் களிம்பேறிய காசை அம்மா அப்படித்தான் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் கொண்டை போட்ட பெண்ணின் முகம் மெல்ல எழுந்து வந்தது. மறுபக்கம் இரண்டு பிள்ளைகளை மார்போடு அணைத்தபடி ஒருத்தி நின்றாள். பிள்ளைத்தாய்ச்சிகளைக் காக்கும் "பேச்சியம்மன்" இல்லாமல் வேறு யார்? லயமே வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டது.

எனக்குப் பின் பிறந்த இரண்டையும் மண்ணுக்குக் கொடுத்துவிட்டு, அம்மா அப்போது மறுபடி மாசமாக இருந்தாள். காசை மஞ்சள் துணியில் வைத்து இடுப்பில் முடிந்துகொண்டாள். அதன் பிறகுதான் அவள் சிரித்துப் பார்த்தேன்.

பழங்காசு சேர்க்கிற பைத்தியம் எங்கள் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்கு உண்டு. சேதியும் காசின் அடையாளமும் எப்படியோ பங்களாவுக்கு எட்டி, கங்காணி வந்து நின்றார். அது சாமியே இல்லையாம், ரோமாபுரிச் சக்கரவர்த்தினியாம், துரை கையோடு வாங்கிவரச் சொன்னாராம். தோட்டத்தை விட்டே விரட்டிவிடுவார்களோ என்று பயந்து, கொடுத்துவிடு என்றார் அப்பா. அம்மா அசையவில்லை.

"ராணியா இருந்தா இருந்துட்டுப் போறாங்க. ரெண்டு பிள்ளையக் கீழ விடாம வச்சிருக்காங்கல்ல? எம்பிள்ள பொறக்கட்டுங்க, நானே கொண்டாந்து தாரேன்."

கங்காணிக்கு என்ன தோன்றியதோ, காசைக் காணோம், தேடுகிறார்கள் என்று துரையிடம் புளுகிவைத்தார். புண்ணியவான்!

தம்பி பிறந்தான், வீறிட்டு அழுதான், பிழைத்தும் கொண்டான். தீட்டுக் கழிந்ததும் அம்மா சொன்ன சொல் தவறாமல் என்னையும் கூட்டிக்கொண்டு பங்களாவுக்குப் போனாள். துரை கையை நீட்டினார். முந்தின வருடம் தன் பிள்ளையைப் பங்களாவுக்குப் பின்னால் புதைத்த துரைசாணி, மறுபடி வயிறும் பிள்ளையுமாக, வாசலில் கனவில் நிற்பவள்போல் நின்றிருந்தாள். அம்மா துரையைத் தாண்டிப் போய் அவள் கையில் காசை வைத்துப் பொத்தினாள்.

"இடுப்புல முடிஞ்சுக்கங்கம்மா."

பாஷை புரிந்ததோ இல்லையோ, துரைசாணி அந்தக் கையைத் திறக்கவே இல்லை.

கொஞ்ச நாளில் அவளைச் சீமைக்குக் கப்பலேற்றிவிட்டதாகச் சொன்னார்கள். துரையும் பின்னாலேயே போய்விட்டார். இன்று அந்த லயமும் இல்லை, கங்காணியும் இல்லை; தம்பிக்கு மீசை நரைத்துவிட்டது. காசு எந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் என்ன பேரில் இருக்கிறதோ, அது எனக்குக் கவலையில்லை. அம்மாதான் கண் மூடும்வரை, தோட்டத்துக்குப் புதுத் துரை வரும்போதெல்லாம் யாரையாவது பிடித்துக் கேட்டனுப்புவாள்: "அந்தம்மா பிள்ள பொழச்சுச்சான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

ஒருவருக்கும் தெரியவில்லை.