ஷரீப் பாய் செய்த கடைசி கேட்

"தண்ணீர் லாரி பத்து மணிக்கு வரும்" என்ற அறிவிப்புக்கு அடுத்ததாக அந்தச் செய்தி வந்தது. "நம் அன்புக்குரிய ஷரீப் பாய் இன்று காலை மாரடைப்பால் காலமானார்." அனுப்பியவர் எங்கள் காலனி நலச் சங்கத்தின் செயலாளர். அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். போன மாதம் இதே வாட்ஸ்அப் குழுவில் அவரை "நாய் பாய்" என்று எழுதிச் சிரித்தவர்களின் கைகள்தான் அத்தனையும். போனைச் சோபாவில் வீசினேன். அழுகை அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது ஆத்திரம். அது இன்னும் அடங்கவில்லை.

சேலையூர் கேம்ப் ரோட்டிலிருந்து எங்கள் காலனிக்குத் திரும்பும் முனையில் அவருடைய வெல்டிங் பட்டறை. எங்கள் தெருவில் யார் கேட் போட்டாலும் அவர் கைதான். ஒருமுறை காய்கறிப் பையோடு என் வீட்டு கேட்டையே திறக்கத் தெரியாமல் நான் நின்றபோது, பாய் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார். "இழுத்தா வராதுமா. லேசா தூக்கி, உள்பக்கமா ஒரு தட்டு. எல்லா வூட்டுக்கும் இதே தாப்பாதான். திருடனுக்கு அவசரம், தூக்கித் தட்டப் பொறுமை இருக்காது" என்றார். தபால் ஆபீஸில் முப்பது வருஷம் குப்பை கொட்டிய எனக்கு, என் வீட்டுக் கதவைத் திறக்க அவர்தான் சொல்லித் தர வேண்டியிருந்தது.

மழை விட்ட ஒரு காலையில் பால் வாங்கப் போனபோது தெருவில் பாய் குந்தியிருந்தார். தெருக்கோடியில் ஒரு நாய் செத்துக் கிடந்தது. ஏதோ வண்டி அடித்திருக்கிறது. அவர் பார்த்துக்கொண்டிருந்தது நாயை அல்ல, கேட்டுகளை. ஏழு வீட்டு கேட்டின் அடித்தகரத்திலும் சேறும் நகக்கீறலும். "ஒவ்வொரு வூடா வந்து பொறாண்டிக்கீதுமா. உள்ள பூந்து ஒதுங்க எடம் கேட்டுக்கீது. அல்லாம் தரையோட தகரம் அடிச்ச கேட்டு. அல்லாம் நான் செஞ்சது." ஏழில் ஒன்று என் வீடு. நான் மின்விசிறிக்குக் கீழே நன்றாகத் தூங்கியிருக்கிறேன்.

அன்றிலிருந்து, கேட்டுக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் விடாமல் அவர் கேட் செய்யவில்லை. "பாம்பு வந்துடும் பாய்" என்றேன். "பாம்புக்கு உன் கேட்டெல்லாம் ஒரு கணக்காமா?" என்று சிரித்தார். வாடிக்கையாளர்கள் வேறு பட்டறைக்குப் போனார்கள். போகட்டும் என்றார். அதோடு விடவில்லை. அடிபட்ட, நோவு கண்ட பிராணிகளுக்கு ஒரு காப்பகம் கட்டியே தீருவேன் என்று வீடு வீடாக ஏற ஆரம்பித்தார்.

இரண்டு வருஷம் ஏறினார். பணம் கொடுத்தவர்கள் உண்டு, சிமெண்ட் மூட்டை கொடுத்தவர்கள் உண்டு. முக்கால்வாசிப் பேர் கொடுக்கும்போதே, "முதல்ல எங்க தெரு நாயைப் புடிச்சுட்டுப் போங்க பாய்" என்றார்கள். "நாய் புடிக்கிற வண்டி நான் இல்ல சார். வலியில கெடக்குற உசுருக்கு ஒரு நெழலு. அவ்ளோதான்" என்பார். தெருக்கோடியில் காலி மனை வைத்திருந்த கன்னியப்பன் (இந்தக் காலனியே ஒரு காலத்தில் அவர் அப்பாவின் கழனி) இடம் தருவதாக வாக்குக் கொடுத்தார். அந்தச் சந்தோஷத்தில் பாய் அஸ்திவாரத்துக்கு முன்னாலேயே கேட்டைச் செய்து பட்டறைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டார்.

அப்புறம்தான் எங்கள் யோக்கியதை வெளியே வந்தது. காப்பகம் வேண்டாம் என்று எழுதிய ஒரு தாளோடு செயலாளர் என் வீட்டுக்கு வந்தார். "நல்ல காரியம்தான் மேடம். ஆனா நம்ம தெருவுல எதுக்கு? குரைக்கும், நாறும், வீட்டு விலை இறங்கிடும்." வீட்டை விற்கலாமா என்று என் மகள் அப்போது கேட்டுக்கொண்டிருந்தாள். போட்டேன் கையெழுத்து. காப்பகத்துக்குப் பணம் கொடுத்த அதே கையால் போட்டேன். மொத்தம் நாற்பத்தொரு வீடு. கன்னியப்பன் பாயிடம் கையை விரித்துவிட்டார்: "ஊரே எதிர்க்குது பாய். அவங்க கையெழுத்த வாபஸ் வாங்கட்டும், மறுநாளே எடம் உன்னுது."

பாய் என்னோடு சண்டை போட்டிருந்தால் தேவலை. மறுவாரம் எண்ணெய்க் குப்பியோடு வந்து என் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டார். "தாளப் பாத்தேன். கையெழுத்து முத்து முத்தா கீதுமா" என்றார். அவ்வளவுதான். கொடுத்த பணம் வேண்டுமானால் வாங்கிக்கொள்ளச் சொல்லி எல்லா வீட்டிலும் கேட்டார். ஒருவரும் வாங்கவில்லை. புண்ணியத்தை எவன் திருப்பி வாங்குவான்?

போன ஞாயிறு சங்கத்தில் இரங்கல் கூட்டம். பிளெக்ஸில் பாய் சிரிக்கிறார். செயலாளர் தொண்டையைக் கனைத்துவிட்டுச் சொன்னார்: "பாய் செஞ்ச கேட் சும்மாதான கிடக்குது. அதை நம்ம தெரு முனையில தரையோட இறக்கி மாட்டி அவர் பேரை வைப்போம். வெளி நாய்ங்களும் உள்ள வராது." எல்லாரும் கை தட்டினார்கள். ஐயோ, மனுஷர்களா நீங்கள்! அடிபட்ட நாய் உள்ளே வருவதற்காகச் செய்த கேட்டை நாயை வெளியே நிறுத்தவா மாட்டுவீர்கள், அதிலும் அவர் பேரைப் போட்டு? "வெக்கமா இல்ல சார் உங்களுக்கு?" என்று கத்திவிட்டு எழுந்து வந்தேன்.

நேராகப் பட்டறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். "எடுத்துனு போங்கம்மா. அவரு செஞ்சது தெருவ மூடறதுக்கு இல்ல" என்றார் அவர் மனைவி. குட்டியானை வண்டியில் ஏற்றி வந்து என் வீட்டு முன்னால் சாய்த்து வைத்திருக்கிறேன். பட்டறைக்குப் பின்னால் பாய் கட்டுப்போட்டு வைத்திருந்த ஆறு நாய்கள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. வாடகைப் பட்டறை, மாதக் கடைசியில் காலி செய்ய வேண்டும்.

அவரைத் தெரிந்தவர்களே, உங்களுக்குத்தான் எழுதுகிறேன். அவருடைய கேட் என்னிடம் இருக்கிறது. என் கேட்டின் அடித்தகரத்தை நேற்று ஒரு சாண் அறுத்தெடுத்துவிட்டேன். என் கையெழுத்தையும் கன்னியப்பனிடம் எழுதிக் கொடுத்து வாபஸ் வாங்கிவிட்டேன். பாக்கி நாற்பது. நாளை காலையிலிருந்து ஒவ்வொரு வீடாக வருகிறேன். கேட்டைச் சாத்திக்கொண்டு வீட்டில் இல்லை என்று சொல்லிப் பார்க்காதீர்கள். லேசாகத் தூக்கி, உள்பக்கமாக ஒரு தட்டு. பாய் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.