அரைவட்டமாக வெட்டிய துணி

பல் மருத்துவமனையின் பின்னறையில் இருபத்தாறு வருடமாகப் பல்செட் செய்துகொண்டிருந்தவருக்கு, நாற்பத்தொன்பதாவது வயதில் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. பாடம், பழைய கிரேக்கமும் ரோமும். ரோமுக்கும் முந்தி இத்தாலியில் வாழ்ந்தவர்கள் தங்கப் பட்டை போட்டுப் பல் கட்டிய படத்தை எப்போதோ ஒரு பத்திரிகையில் பார்த்தார். அன்று பிடித்த பித்து.

வேறு எதிலும் இடம் கிடைக்காமல் மகளும் அதே வகுப்பில் வந்து சேர்ந்தாள்.

"அங்க என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்கப்பா. மானம் போயிரும்."

"நீ யாரோ, நான் யாரோ. போதுமா?" என்று அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. மூன்று வருடமும் அவரை ஒரு நிறுத்தம் முன்னாலேயே பஸ்ஸிலிருந்து இறங்க வைத்தாள்.

நோயாளிகளின் தாடையைப் பதித்த பிளாஸ்டர் அச்சுகளின் அடியில் லத்தீன் வேற்றுமைகளைப் பென்சிலால் எழுதிவைத்து, பல்லை ராவிக்கொண்டே மனப்பாடம் செய்தார். "அடுத்தவன் தாடையில என்னய்யா மந்திரம் எழுதுற?" என்று மருத்துவர் கத்தியதும் உண்டு. வகுப்பில் அவருக்குச் 'செனட்டர்' என்று பெயர். பழைய ரோமின் ஆட்சி மன்றத்துப் பெரியவர்களை அப்படித்தான் சொல்வார்கள் என்பதால், மனிதர் அதை மரியாதை என்றே நம்பினார்.

கடைசி வாய்மொழித் தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு, துறையின் முத்திரையோடு அவருக்கு ஒரு கடிதம் வந்தது. துறையின் வழக்கப்படி மாணவர்கள் ரோமானிய உடையில் வரவேண்டுமாம்.

"ஆமா சார், நாங்களும் தைக்கக் குடுத்திருக்கோம்" என்றார்கள் கூடப் படித்தவர்கள்.

வீட்டில் மகளைக் கேட்டார். "உனக்குத் தைக்க வேணாமா?"

"எனக்கு வேற நாளுப்பா, அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இரண்டு வெள்ளைப் படுக்கை விரிப்புகளை இணைத்துத் தைத்து, அரைவட்டமாக வெட்டினார். அசல் அப்படித்தான் இருந்தது என்பது அவருக்குத் தெரியும். மனைவி இஸ்திரி போட்டபடி, "ஏங்க, கரை எதுவும் வேணாமா?" என்று கேட்டாள்.

"கரை பதவியில இருக்கிறவனுக்கு. நான் வெறும் குடிமகன்தானே."

தேர்வன்று அந்தத் துணியை இடது தோளில் மடித்துப் போட்டுக்கொண்டு அறைக்குள் நுழைந்தார். மேசைக்குப் பின்னால் மூன்று பேர். துறைத்தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"என்னய்யா வேஷம் இது? குதிரை வண்டி வெளியில நிக்குதா?"

மற்ற இருவரும் குலுங்கிச் சிரித்தபோதுதான் அவருக்கு உறைத்தது. துணியை உருவிப் போடவும் முடியாது. உள்ளே பனியனும் அரை டிராயரும்தான்.

"கேள்வி கேளுங்கய்யா. எதுன்னாலும் சொல்றேன்."

"பரீட்சையைக் கேலி பண்றவன்கிட்ட என்னத்தக் கேக்கறது? போய்யா வெளியில."

கடிதத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். வெளியே தாழ்வாரம் நிறைய ஆட்கள், கை நிறைய போன்கள். சிரித்தவர்களில் அவர் மகளும் இருந்தாள்.

அன்று மாலை அவளே சமையலறைக்கு வந்து அவரிடம் சொன்னாள். "லெட்டரை நான்தான் டைப் பண்ணேன். கிளாஸ்ல எல்லாரும் சேர்ந்து என்னைப் பண்ணச் சொன்னாங்க. மாட்டேன்னா ஏன்னு கேப்பாங்க. நீங்க என் அப்பான்னு சொல்லவா முடியும்?"

அம்மாவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. அவர் மகளைத் திட்டவில்லை. "சரி, போய்ப் படி" என்றார்.

வாய்மொழித் தேர்வில் பூஜ்யம், பட்டம் கிடையாது. முறையீடு செய்யலாம் என்று யாரோ சொல்ல, மறுவாரம் பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போனார். அதற்குமுன் மகள் வாசல்வரை வந்து, "என் பேரு வந்தா எனக்கும் பட்டம் போயிரும்ப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

குமாஸ்தா படிவத்தைப் புரட்டினார். "கள்ளக் கடிதம்னு எழுதியிருக்கீங்க. யார் எழுதினதுன்னு போடலையே?"

"தெரியாதுங்க."

"சந்தேகமாவது யார் மேலயாவது?"

"இல்லைங்க."

"அப்ப இது நிக்காது சார்."

அவர் தலையாட்டினார். குமாஸ்தா படிவத்தை அவர் பக்கமே தள்ளிவிட்டு, வரிசையில் அடுத்தவரைக் கூப்பிட்டார்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னார். ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடாதிருந்த மகள், அன்று இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.